தெற்குச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

செய்தி வந்தபோது நான் ஜேடர்பாளையத்தில் இருந்தேன். ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் மோட்டார் அறை ஆற்றுப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க, தரைக்குள் ஒல்லியான தூண்களாக மைக்ரோபைல் போடும் வேலை. கம்ப்ரசர் ஓடும்போது போன் அடித்தால் காதில் விழாது. சட்டைப்பையில் அதிர்ந்ததை வைத்துத்தான் எடுத்தேன். ரெஜினா மேடத்தின் தம்பி ஆரோக்கியம். "அண்ணா, அக்கா போயிட்டாங்க" என்றார்.

துளைக்குள் இரும்புக் குழாய் இறங்கியிருந்தது. பக்கத்து டிரம்மில் சிமென்ட் பால் கலந்து தயாராக இருந்தது. கலந்த சிமென்ட் பால் யாருடைய சாவுக்கும் காத்திருக்காது, இறுகிவிடும். துளை போடும் என் ரிக்கை ஓட்டுகிற முருகேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னுங்ண்ணா, நிறுத்தீரலாமா?" என்று கேட்டான். பாதியில் விட்ட பைலைப் பற்றி மேடம் என்ன சொல்வார் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஊத்தி முடிச்சிரு" என்றேன். முதலில் சேற்றுத் தண்ணீர் பொங்கி வந்தது. பிறகு துளையின் வாய்வரை கெட்டியான சிமென்ட் பால் ஏறி வந்து நின்றது. அதுவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம்தான் மோட்டார் அறைக்குப் பின்னால் போய் அழுதேன்.

அவரை அறிந்தவர்கள் முப்பதாம் நாள் பூசைக்குக் கூடும்போது ஆளுக்கு நாலு வரி எழுதித் தரவேண்டும் என்று ஆரோக்கியம் கேட்டுக்கொண்டார். நான் ரிக் வைத்திருப்பவன். எனக்கு நாலு வரியில் நிறுத்தத் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் அவரைக் கோயிலில் பாட்டுக் குழுவில் நின்றவராகவும், சொந்தக்காரராகவும் மட்டுமே அறிவீர்கள். தொழிலில் அவர் மண்ணையும் அடித்தளத்தையும் கணக்குப் பார்த்துச் சொல்லும் பொறியாளர். நல்ல மண் கீழே இருக்கிறது, மேலே இருப்பது நம்பக்கூடாத மண் என்றால், வீட்டை இடிக்காமலே அதன் ஓரத்தில் சாண் அகலம்கூட இல்லாத துளைகளைப் பாறைவரை போட்டு, இரும்புக் குழாய் இறக்கி, சிமென்ட் பால் நிரப்பி, வீட்டின் பாரத்தை அந்தக் குழாய்களின் தலைக்கு மாற்றிவிடுவார். அதற்குப் பெயர்தான் மைக்ரோபைல். சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று நேராக நிற்கும் எத்தனையோ வீடுகளுக்குக் கீழே அவர் கணக்கு இருக்கிறது. என்னைவிட இளையவர். என்னை அண்ணா என்பார், நான் மேடம் என்பேன்.

நாங்கள் சந்தித்தது ஒரு கூத்து. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக்காரர்கள் எல்லாரையும் போல நானும் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவன். சின்ன ரிக் ஒன்று சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டு மேடம் சேலத்துக்கு வரச்சொன்னார். ஒரு வீட்டின் மூலை இறங்கியிருந்தது, அதன் ஓரமாகத் துளை போடவேண்டும். எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். முருகேசன் போட்ட இரண்டாவது துளையிலேயே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அடித்தது. ஆயுசு முழுக்கத் தண்ணீருக்காகவே துளை போட்டவர்கள் நாங்கள். தண்ணீரைக் கண்டால் எங்கள் கை சும்மா இருக்குமா? எலுமிச்சம்பழம் நறுக்கினோம், கற்பூரம் ஏற்றினோம். வீட்டுக்காரர் சட்டையெல்லாம் நனைந்து நின்று கும்பிட்டார். இன்னும் போனால் இன்னும் வரும் என்று முருகேசன் பாட்டுக்கு ராடு மேல் ராடு மாட்டி இறக்கிக்கொண்டே போனான். எதற்கு வந்தோம் என்பது எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை.

திரும்பி வந்த மேடம் சேற்றுக்குள் நின்று எங்களையும் கற்பூரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பூஜை முடிஞ்சுதா அண்ணா?" என்றார். "முடிஞ்சுதுங்க" என்றேன். "பிரசாதம் இருந்தா எனக்கும் குடுங்க. அப்புறம் இந்தக் குழியை நிரப்பணும்." மோட்டார் இறக்கலாம் என்று ஆசையாக நின்ற வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போய்விட்டது. அவரைத் தனியாக அழைத்துப்போய், வீடு நிற்பதற்குப் போட்ட குழியில் தண்ணீர் எடுத்தால் வீடே அதற்குள் இறங்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் ரிக்கை நிறுத்துவதற்கு முன்பே, "முருகேசா, தண்ணி வந்தா யாரும் கைதட்டக் கூடாது" என்று சொல்லிவிடுவார். முருகேசன் வெட்கப்படுவான்.

பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கோபக்காரர். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறைக்குப் பின்னால் மேட்டை வெட்டியிருந்தார்கள். மேட்டு மண் சரியாமல் இருக்கச் சுவர் கட்டி, அந்தச் சுவரை உள்ளே இருக்கும் பாறையோடு இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டினோம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கம்பியையும் ஜாக்கி வைத்து இழுத்துச் சோதிக்கச் சொன்னார். பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க மேடம், நட்டு வெச்சதை நாமளே புடுங்கிப் பாக்கறதா? நல்லா இருக்கறதைக் கெடுக்கறீங்களே?" என்றார். மேடம் கேட்டார்: "உங்க பொண்ணைக் கட்டிக்குடுக்கும்போது மாப்பிள்ளையைப் பத்தி விசாரிச்சீங்களா இல்லையா?" அவர், "விசாரிக்காம குடுப்பமுங்களா?" என்றார். "இதுவும் விசாரணைதான். இப்ப வழுக்கினா திட்டிட்டுப் போயிரலாம். மழையில வழுக்கினா யாரைத் திட்டுறது?" ஒரு கம்பி வழுக்கத்தான் செய்தது. அதற்குப் பதிலாகப் பக்கத்தில் வேறு கம்பி போட வைத்தார். பட்டறைக்காரர் அப்புறம் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

புது இடத்துக்குப் போனால் அவர் வரைபடம் கேட்கமாட்டார். துணி காயப்போடும் பெண்களிடமோ, அடுத்த வீட்டுத் திண்ணையில் வெற்றிலை மெல்லுகிறவரிடமோ போய், "இங்க கிணறு எங்க இருந்துச்சுங்க?" என்று கேட்பார். இருந்ததா என்று கேட்கமாட்டார், எங்கே இருந்தது என்றுதான் கேட்பார். நம் பக்கத்துச் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியும். தோட்டமெல்லாம் மனையாகிவிட்டது. தோட்டத்துக்கு ஒரு கிணறாவது இருந்திருக்கும். வற்றிப்போன கிணற்றில் கல்லும் மண்ணும் குப்பையும் கொட்டி மூடி, அதன்மேல் வீடு கட்டிவிட்டார்கள். கிணற்றை மூடுவது குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். மூடினாலும் அது மூச்சுவிட ஒரு குழாய் நட்டுவைக்க வேண்டும் என்பார்கள். அதனால் மூடியவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். "மூடுனவங்க மறந்துடுறாங்க அண்ணா. கிணறு மறக்க மாட்டேங்குது" என்று மேடம் சொல்வார்.

இப்போது ராசிபுரம் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது அவருடைய கடைசி வேலை.

கோவிந்தன் பட்டு நெசவாளி. அவரும் அவர் மனைவி சரசுவும் ஆளுக்கொரு குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்யும் தறி அது. வீட்டையும் தறியையும் பிரிக்க முடியாது, வீடு போனால் தறியும் போயிற்று. அந்த வீட்டின் தெற்குச் சுவர் இறங்கி, கூரையிலிருந்து தரைவரைக்கும் விரல் நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. பார்த்த எல்லாரும் இடித்துக் கட்டச் சொன்னார்கள். இடித்துவிட்டால் மறுபடி கட்ட அவர்களிடம் வழியில்லை. மேடம் சுவரைச் சுற்றி வந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார். கோவிந்தன், "இங்க கிணறே கெடையாதுங்க" என்றார். மேடம் வெளியே வந்து அக்கம்பக்கத்தில் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து சரசுவிடம் சேலையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து சரசு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "எங்க மாமனார்தானுங்க மூடுனாரு. இந்தச் செவுத்துக்குக் கீழதான். கொழாய்கூட வெக்கலைங்க. அதைச் சொன்னா ஊட்டுக்கு ஆகாதுன்னு இவரு சொல்ல மாட்டேங்கறாரு." கோவிந்தன் வெளியே எழுந்து போய்விட்டார். மேடம் அவர் பின்னாலேயே போய், "உங்க அப்பா செஞ்சதை யாரும் தப்புன்னு சொல்லலை. எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கு அடியில போக முடியும். இந்த வீடு நிக்கும். நான் நிறுத்தித் தர்றேன்" என்றார்.

இப்படி உறுதி கொடுத்து நான் பார்த்ததே இல்லை. 'பார்க்கலாம்', 'கணக்குப் போட்டுச் சொல்றேன்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர். காரில் வரும்போது கேட்டேன். "அவங்களுக்கு வேற வீடு இல்லையே அண்ணா" என்றார்.

வேலை தொடங்குவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ரிக் வந்து வாசலில் நிற்கிறது, தறியிலோ பாதி நெய்த சேலை. துளை போட்டால் தூசியும் சேறும் தறியில் நீளமாகக் கட்டிய பட்டுப் பாவு நூலில் ஒட்டும். தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்றேன். மேடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் நெய்து முடித்துச் சேலையை அறுத்து இறக்கும்வரை ரிக்கை நிறுத்திவைத்தார். நான் முணுமுணுத்துக்கொண்டே முருகேசனோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு, ரிக்கின் மேல்பாகத்தைக் கழற்றி, கூரைக்குள் அடங்கும்படி செய்து, குப்பையையும் கல்லையும் தாண்டிக் கிணற்றின் அடிக்குக் கீழே பாறைக்குள் துளைகளை இறக்கினோம். பைல் தலைகளைச் சேர்த்துச் சுவருக்கு அடியில் கான்கிரீட் உத்தரம் போட்டோம். கடைசியில் மேடமே விரிசலின் குறுக்கே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சாந்து வைத்து ஒட்டினார். சுவர் மறுபடி நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். விரிசலுக்கு இருபுறமும் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, இடைவெளியை அளந்து சுவரிலேயே எழுதினார்.

"ஒரு மழைக்காலம் போகட்டும். கண்ணாடி உடையாம இருந்துச்சுன்னா, அப்புறம் உங்க வீட்டைப் பத்தி யாரும் பேச வேண்டாம். பூசி மறைச்சு வெள்ளை அடிச்சுக்குங்க" என்றார். கோவிந்தன், "அதுவரைக்கும் தறியில பாவு பூட்டி நெய்யலாமுங்களா?" என்று கேட்டார். "நாளைக்கே பூட்டி நெய்யுங்க."

அந்த வேலை நடக்கும்போதே அவருக்கு உடம்பு சரியில்லை. நடக்கும்போது நின்று நின்று வந்தார். வெயில் என்றார், சாப்பிடவில்லை என்றார், நாங்களும் நம்பினோம். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. வயிற்றில் புற்று. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான். "கண்ணாடி எப்படி இருக்கு அண்ணா?" ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மழை விட்டதும் ராசிபுரம் போவேன். கண்ணாடியைப் போட்டோ எடுத்து அனுப்புவேன். போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பார். உடம்பு எப்படி என்று நான் கேட்டால் மறுபடி போட்டோவைப் பெரிதாக்குவார். கடைசித் தடவை போனபோது குரல் எழும்பவில்லை. உதடு அசைந்ததை வைத்துக் கேள்வியைப் புரிந்துகொண்டு, "அப்படியே இருக்குங்க மேடம்" என்றேன். மழை முடியவில்லை, அவர் முடிந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்துக்கு உங்களில் பெரும்பாலோர் வந்திருந்தீர்கள். கோவிந்தனும் சரசுவும் ராசிபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, எப்போது கும்பிடுவது, எப்போது மண் போடுவது என்று தெரியாமல் கடைசியில் நின்றதைக் கவனித்திருக்கமாட்டீர்கள். நான் அவர்களை முன்னால் அழைத்துப்போனேன். தொழில் புத்தி போகுமா, குழியைப் பார்த்தேன். மேலே செம்மண், கீழே சுக்காம்பாறை. மழையிலும் குழியின் ஓரம் சரியாமல் நின்றது. நல்ல மண் மேடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இதைச் சொல்ல வேறு யாரும் எனக்கு இல்லை.

அந்த வாரமே கோவிந்தன் போன் செய்தார். முதல் நாள் முழுக்க மழை கொட்டியிருந்தது. "அண்ணா, கண்ணாடி ஒடஞ்சு போச்சுங்க" என்றார். எப்படி என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

ராசிபுரம் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. சுவர் நகர்ந்திருந்தால் அவர்கள் தெருவில் நிற்பார்கள். அதற்கும் மேல், மேடம் வாழ்நாளில் கொடுத்த ஒரே உறுதி பொய்யாகிப்போகும், அதை நேர்செய்ய அவரும் இல்லை. துளையெல்லாம் பாறையைத் தொட்டதா, முருகேசன் அவசரப்பட்டானா, சிமென்ட் பால் எங்காவது கசிந்து போயிருக்குமா என்று ஒவ்வொரு பைலாக நினைத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகேசனும் விரலை மடக்கிப் பைல்களை எண்ணிக்கொண்டே வந்தான்.

வீட்டில் இரண்டு தறிகளும் நின்றிருந்தன. கோவிந்தனும் சரசுவும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி குறுக்கே இரண்டாக விட்டிருந்தது. நான் நேராக டேப்பை எடுத்துப் பென்சில் கோடுகளுக்கு நடுவே வைத்து அளந்தேன். சுவரில் மேடம் எழுதிவைத்த அளவேதான். நம்பாமல் மறுபடி அளந்தேன். முருகேசனையும் அளக்கச் சொன்னேன். மயிரிழைகூட நகரவில்லை. பிறகு எப்படிக் கண்ணாடி உடையும் என்று நிமிர்ந்தபோதுதான், உடைந்த கண்ணாடிக்குச் சற்று மேலே, விரிசலை ஒட்டி, புத்தம்புது ஆணி ஒன்று தெரிந்தது.

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தறிக்குப் பின்னால் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துவந்து பிரித்தார். மேடத்தின் படம். ஆரோக்கியத்திடம் கேட்டு வாங்கி, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். "செத்தவங்க படத்தைச் சாமிகூட வெக்கக் கூடாதுங்க. தெக்குச் செவுத்துலதானுங்க மாட்டோணும். இதுதானுங்க எங்க ஊட்டுத் தெக்குச் செவுரு" என்றார். கோவிந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு அடிதானுங்க அடிச்சேன். டிக்குன்னு சத்தம். அவங்க ஒட்டி வெச்சதை அவங்க படத்துக்காவவே நானே ஒடச்சுப்போட்டேனுங்க. இதைப் போன்ல எப்பிடிங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. முருகேசனும் சிரித்தான். அவர்கள் இருவரும் எங்களைப் பயத்தோடு பார்த்தார்கள். "உங்க ஊட்டுக்கு ஒண்ணும் ஆகலை. செவுரு அசையலை" என்று சொன்னேன். சரசு அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதார். அப்புறம் நானும் அழுதேன். மேடம் இருந்திருந்தால் ஆணி அடித்ததற்குக் கோவிந்தனைத் திட்டித் தீர்த்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்.

புதுக் கண்ணாடி ஒட்டவேண்டும். சட்டம் போட்ட கடைக்கே கோவிந்தன் ஓடினார். மேடத்தின் படத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு கடையில் கிடந்ததாம், கடைக்காரர் கட்டைவிரல் அகலத்துக்கு அறுத்துக் கொடுத்திருக்கிறார். முருகேசன் சாந்து குழைத்தான். பழைய இடத்துக்குக் கீழே, விரிசலின் குறுக்கே, என் கையால் ஒட்டினேன். மேடத்தின் கை போலச் சுத்தமாக வரவில்லை. அவர் எழுதிய அளவுக்குக் கீழேயே அன்றைய தேதியை எழுதினேன். படத்தை எங்கே மாட்டுவது என்று கோவிந்தன் கேட்டார். இன்னோர் ஆணி அடித்தால் கையை முறித்துவிடுவேன் என்று சொல்லி, அடித்த ஆணியிலேயே மாட்ட வைத்தேன். இப்போது மேடம் அந்தக் கண்ணாடிக்கு மேலேயே இருக்கிறார். கீழே தறி ஓடுகிறது.

ஆளுக்கு ஒன்று அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாட்டோ, பேச்சோ, செய்த உதவியோ. எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு கேள்வி. படுக்கையில் கிடந்து கேட்ட அந்த ஒரே கேள்வி. கண்ணாடி புதிது என்பதால் மழைக்கணக்கையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்று கோவிந்தனிடம் சொல்லியிருக்கிறேன். மேடம் எழுதிய அளவு மாறவில்லையே, அதுவே போதும், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை என்று முருகேசன் சொல்கிறான். எனக்குத் தேவையாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு முறை நல்ல மழை பெய்தது. இரண்டு முறையும் மழை விட்டதும் ராசிபுரம் போனேன். போட்டோ எடுத்தேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல், பழக்கத்தில் அவர் எண்ணுக்கே அனுப்பினேன்.

அப்படியே இருக்குங்க மேடம்.